அலெக்ஸாண்டரா, கான்சாகிபா, ஊமைத்துரையா: ஒரு பேச்சுப்போட்டிக்கு ஆள் தேடியபோது

பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகனுக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி. தலைப்பு "உலகின் தலைசிறந்த படைத்தலைவர்". பத்து நிமிடம், ஒரே ஒரு ஆள். "மாமா, அலெக்ஸாண்டரையே பேசிருதேன். எல்லாருக்கும் தெரியும்லா" என்றான். எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் அதில் சிக்கல். மேடையேறும் பிள்ளைகளில் பாதிப் பேர் அலெக்ஸாண்டர், மீதிப் பேர் நெப்போலியன், நடுவில் யாராவது ஒருவர் கட்டபொம்மன் வசனம். நடுவர் எத்தனை தடவைதான் கேட்பார்?

அதனால் யார் யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீட்டில் இதே கேள்வியோடு பிள்ளைகள் இருந்தால் உங்களுக்கும் உதவட்டும்.

முதலில் சில பெயர்களைக் கழிக்க வேண்டும். பெரிய அரசர் என்பது வேறு, பெரிய வீரர் என்பது வேறு, படை நடத்துவதில் கெட்டிக்காரர் என்பது வேறு. இந்தப் போட்டிக்கு மூன்றாவதுதான் வேண்டும். ராஜேந்திர சோழனை விட மனசே வரவில்லை. 1025-இல் வங்கக் கடலைத் தாண்டிக் கடாரம் வரைக்கும் படை அனுப்பியவர். ஆனால் கல்வெட்டில் அவரைப் புகழும் மெய்க்கீர்த்தி எந்தெந்த ஊரைப் பிடித்தார் என்றுதான் வரிசையாகச் சொல்கிறது. அத்தனை கப்பலுக்கும் தண்ணீரும் அரிசியும் எப்படிச் சேர்த்தார், முதலில் எங்கே இறங்கினார், இறங்கிய இடத்தில் எதிர்ப்பு வந்தபோது என்ன செய்தார் என்பதெல்லாம் அதில் இல்லை. வென்றார் என்று தெரிகிறது, எப்படி வென்றார் என்று தெரியவில்லை. அதை வைத்துப் பத்து நிமிடம் பேசினால் அடைமொழிகள்தான் மிஞ்சும். தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கும் இதே கதிதான்.

அப்புறம் உலகப் பெயர்கள். அலெக்ஸாண்டர் கி.மு. 331-இல் காகமேலாவில் தன்னைவிடப் பெரிய பாரசீகப் படையை உடைத்தார். 32 வயதுக்குள் பாதி உலகம். சரிதான், ஆனால் நீண்ட ஈட்டியோடு நெருக்கமாக அணிவகுக்கும் அந்த மாசிடோனியப் படையை உருவாக்கியவர் அவருடைய அப்பா பிலிப். மகனுக்கு அது தயாராகக் கையில் கிடைத்தது. ஹானிபல் கி.மு. 218-இல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார், 216-இல் கன்னேயில் ரோமப் படையைச் சுற்றி வளைத்து அழித்தார். இன்றைக்கும் ராணுவப் பள்ளிகளில் அந்தச் சண்டையைப் பாடமாக நடத்துகிறார்கள். இருந்தும் ரோமோடு கூட்டாக இருந்த இத்தாலிய ஊர்களில் பெரும்பாலானவை அவர் பக்கம் வரவில்லை. சண்டைகளை ஜெயித்துவிட்டுப் போரில் தோற்றார். மங்கோலியர்களின் சுபுதாய் பேர் பள்ளிப் புத்தகத்தில் அதிகம் வராது. 1241 ஏப்ரலில் போலந்தில் ஒரு மங்கோலியப் படையும் ஹங்கேரியில் இன்னொன்றும் இரண்டு நாள் இடைவெளியில் ஜெயித்தன. அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்டவர் அவர். நெப்போலியனைச் சொன்னால் 1805 ஆஸ்டர்லிட்ஸ் வெற்றியைச் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் 1812-இல் ரஷ்யாவில் சோறில்லாமல் கரைந்துபோன படையையும் சொல்லியாக வேண்டும். வியட்நாமின் கியாப் 1954-இல் தியன் பியன் பூவில் பீரங்கிகளைப் பிரித்தும் இழுத்தும் மலைமேல் ஏற்றிப் பிரெஞ்சுக்காரர்களை மேலிருந்து அடித்தார். வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தால் கியாப்பை எடுக்கச் சொல்வேன். அடுத்த இடம் சுபுதாய்க்கு.

இவர்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில் நான்கு கேள்விகள் கிடைத்தன. படையை அவரே உருவாக்கினாரா, கையில் கிடைத்ததா? அதற்குச் சோறு போட்டாரா? கூட்டாளிகளைப் பிடித்து வைத்துக்கொண்டாரா? ஒரு தடவை அடிவாங்கிய பிறகு மாறினாரா, அதையே திரும்பச் செய்தாரா? இதே கேள்விகளை நம்ம நெல்லைச் சீமை ஆட்களிடம் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்க்கலாம் என்றேன். பையன் முகம் கொஞ்சம் சுருங்கியது. உள்ளூர் ஆளைப் பேசினால் மார்க் குறையுமோ என்ற பயம்.

கட்டபொம்மனைக் கழித்துவிட்டு

இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் முன்னால் பணியாமல் நின்றதும், மறு வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்குக்கு நடந்ததும் சாதாரணம் இல்லை. அந்த நெஞ்சுரத்தில் ஒரு குறையும் கிடையாது. படைத்தலைவர் என்ற கணக்கு மட்டும் வேறு. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் அவசரப்பட்டுப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் மோதினார். கோட்டைக்குள் இருந்தவர்கள் அதை முறியடித்தார்கள், ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் அங்கேயே செத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு கட்டபொம்மன் கோட்டையை விட்டுக் கிளம்பி, கோலார்பட்டியில் அடிபட்டு, கடைசியில் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். எட்டயபுரம் எதிரில் நின்றது, புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். கூட்டாளிக் கேள்வியில் பெரிய ஓட்டை. நாயகனாகப் பேச அவரை எடுக்கலாம், இந்தத் தலைப்புக்கு வேண்டாம்.

மீதம் மூன்று பேர்: புலித்தேவர், கான்சாகிப் என்ற யூசுப்கான், ஊமைத்துரை. மருதநாயகம் என்று சொன்னால் பலருக்கும் சட்டென்று புரியும் ஆள்தான் கான்சாகிப். இந்த மூன்று பெயருக்குப் பின்னாலும் இன்றைக்கு ஆளுக்கொரு கொடி பிடிக்கிறார்கள். மேடையில் பேசும் பிள்ளை அதில் மாட்ட வேண்டாம். சண்டையை மட்டும் பேசினால் போதும்.

வாசுதேவநல்லூர் மண்சுவர்

புலித்தேவரின் ஊர் நெற்கட்டும்செவல், சங்கரன்கோவில் பக்கம். இப்போது தென்காசி மாவட்டத்தில் வருகிறது. 1755-இல் கர்னல் ஹெரான் கும்பினிப் படையோடும் (கும்பினி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி) ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடும் வந்து நெற்கட்டும்செவலை மிரட்டினார். கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார், ஆனால் மண்சுவரை உடைக்கும் பெரிய பீரங்கி அவரிடம் இல்லை. அது புலித்தேவருக்குத் தெரியும். கப்பமும் கட்டவில்லை, வெளியே வந்து சண்டையும் போடவில்லை. உள்ளேயே இருந்தார். ஹெரான் வந்த வழியே போனார். எதிரியிடம் என்ன இல்லை என்று தெரிந்துகொண்டு சும்மா இருப்பதற்கும் ஒரு தலைவர் வேண்டும்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்தார். திருவிதாங்கூரோடு கூட்டு வைத்தார். மியானா, முடேமியா, நபிகான் கட்டாக் என்ற மூன்று பட்டாணித் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்துக்கு இது பெரிய காரியம். ஆனால் 1756 மார்ச்சில் திருநெல்வேலி அருகே நடந்த வெளிச்சண்டையில் முடேமியா செத்தார், கூட்டணி தோற்றது. கிழக்கே எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் கடைசிவரை இவர் பக்கம் வரவில்லை. இத்தாலிய ஊர்கள் வராமல் ஹானிபல் பட்ட பாடேதான்.

மறுபக்கம் கான்சாகிப். ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர், கும்பினியில் சிப்பாய்களுக்குத் தலைவராக வளர்ந்தவர். இவருடைய திறமை முதலில் தெரிந்தது வாள்வீச்சில் இல்லை, மாட்டு வண்டியில். 1753, 54-இல் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிக் கிடந்தபோது, உள்ளே இருந்தவர்களுக்குத் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமிருந்து அரிசி மூட்டைகளை எதிரி கண்ணில் படாமல் கொண்டுவந்து சேர்ப்பதில் இவர் பங்கு பெரியது. கும்பினி இவருக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். இந்தத் தடவை கான்சாகிப் வெளியில் இருந்தார். செங்கல்பட்டு, பரங்கிமலைப் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து லாலியின் சாப்பாட்டு வண்டிகளை மறித்தார். ஒரு பக்கம் விரட்டினால் இன்னொரு பக்கம் ஈ மாதிரி வந்து மொய்க்கிறார்கள் என்று லாலி தரப்பில் புலம்பினார்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை கலைந்தது.

சோறு இல்லாமல் ஒரு படை எத்தனை நாள் நிற்கும் என்பது கான்சாகிப்புக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும். நெப்போலியன் 1812-இல் பட்டுத் தெரிந்துகொண்டதை இவர் அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே தொழிலாகச் செய்துகொண்டிருந்தார். அவர்களுடைய படைகளின் அளவு வேறு வேறு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைப் பார்க்க இவரையே அனுப்பினார்கள். வந்ததும் முதல் வேலையாகப் புலித்தேவரின் கூட்டணியில் கைவைத்தார். திருவிதாங்கூர் களக்காட்டுப் பகுதியை வாங்கிக்கொண்டு இவர் பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகு டிசம்பரில் புலித்தேவரின் இன்னொரு கோட்டையான வாசுதேவநல்லூரைத் தாக்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் நொறுங்கும், ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பதும் விழும். காய்ந்து இறுகிய மண்சுவரில் குண்டு புதைந்துபோகும். விழுந்த இடத்தை ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துவிடலாம். கான்சாகிப்பின் பீரங்கி ஒரு இடத்தில் சுவரை உடைத்துவிட்டது. சிப்பாய்கள் அந்த உடைப்பில் ஏறினார்கள். அதே நேரத்தில் புலித்தேவர் நெற்கட்டும்செவலிலிருந்து ஆட்களோடு காட்டுவழி வந்து, சிப்பாய்களின் பின்னால் இருந்த முகாமில் விழுந்தார். முன்னால் கோட்டைக்காரர்கள், பின்னால் புலித்தேவர். கான்சாகிப் பெரிய சேதத்தோடு விலகிப் போக வேண்டியதாயிற்று. திருவிதாங்கூர் கைவிட்ட பிறகும் புலித்தேவரால் இதைச் செய்ய முடிந்தது. உள்ளே ஒரு படை, வெளியே ஒரு படை, இரண்டுக்கும் ஒரே நேரம். கடிகாரமும் இல்லை, தந்தியும் இல்லை.

சரி, தோற்ற கான்சாகிப் என்ன செய்தார்? கோபத்தில் அடுத்த வாரமே திரும்பி வந்து முட்டவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் சீமையைக் கையில் வைத்துக்கொண்டு, பாளையங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தயாராகிவிட்டு வந்தார். 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் விழுந்தன. இந்தப் பனையூர் அவர் பிறந்த ஊர் அல்ல, புலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று. புலித்தேவர் ராமநாதபுரம் பக்கம் போய்விட்டார். கான்சாகிப் செத்த பிறகு அவர் திரும்பி வந்தார். 1767-இல் கும்பினியின் டொனால்ட் கேம்பல் வாசுதேவநல்லூரை மறுபடி அடித்தபோது உடைப்புகளைப் பனைமரத்தாலும் வைக்கோலாலும் மண்ணாலும் அடைத்து அடைத்து நின்றார்கள். கடைசியில் கொட்டுகிற மழையில் தப்பித்தார்கள். அந்த உறுதியைக் கேம்பலே மெச்சி எழுதினார்.

உள்ளங்கையில் வைக்கோல் துண்டுகள்

ஊமைத்துரையைப் பற்றிப் பேசினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அவரோடு சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். பேச வராதவர். தாக்குதல் திட்டத்தைச் சொல்ல வேண்டும் என்றால் வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வெள்ளைக்காரப் படை நிற்கும் மாதிரி அடுக்குவார். எப்போது என்று சைகையில் காட்டுவார். பிறகு வலது கையால் அத்தனையையும் ஒரே வழியாகத் துடைத்துத் தள்ளி வாயால் விர்ரென்று ஒரு சத்தம். அதுதான் உத்தரவு. சண்டையில் முதல் ஆளாக ஓடுவதும் அவரே.

அண்ணன் கட்டபொம்மன் தூக்கிலேறிய பிறகு பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஆங்கிலேய அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வெளியிலிருந்து வந்த ஆட்கள் சிறையை உடைத்தார்கள். சுமார் 30 மைல் தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. அங்கே கோட்டை இல்லை, 1799-இலேயே இடித்துவிட்டார்கள். சில நாளில் மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது இடித்த இடத்தில் சுவர் எழுந்து நின்றது. ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம், எல்லாம் மண். பார்த்துவிட்டு அவர் பாளையங்கோட்டைக்கே திரும்பினார். இடையில் ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியையும் பிடித்தார்கள்.

மார்ச் 31-ஆம் தேதி கும்பினிப் படை முழு மூச்சோடு மோதியது. சுவர் உடைந்துவிட்டது, ஏறவும் முடிந்தது, ஆனால் உச்சியில் ஒருவராலும் நிற்க முடியவில்லை. ஏன் என்று அப்போது அவர்களுக்குப் புரியவில்லை. கோட்டை விழுந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கொத்தளங்களுக்குள் குழிவாக இடம் விட்டிருந்தார்கள். கீழே ஆழத்தில் நின்றவர்கள் 18, 20 அடி நீளமுள்ள வல்லயம் என்ற ஈட்டிகளை மேல்நோக்கிக் குத்தினார்கள். மேலே ஏறுகிறவனுக்குக் குத்து விழும். அவன் துப்பாக்கிக்குக் கீழே இருப்பவன் அகப்பட மாட்டான். துப்பாக்கி குறைவாக உள்ள படை, அதிகமாக உள்ள படையை நிறுத்த வேண்டும் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் கொண்டுவந்த பிறகு மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையை ஊர்ப்பெண்கள் தூக்கிப் போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது வெள்ளைத்துணியால் மூடி, அம்மை கண்டு செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து விலகினார்கள். அங்கிருந்து சிவகங்கை மருதிருவரிடம் போய்ச் சேர்ந்து இன்னும் சில மாதம் சண்டை போட்டார். நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். கோட்டையை உழுது, ஊர்ப்பெயரையே கணக்கிலிருந்து எடுத்தார்கள்.

அலெக்ஸாண்டருக்கு அப்பா விட்டுப்போனது ஒரு படை. ஊமைத்துரைக்கு அண்ணன் விட்டுப்போனது ஒரு மண்மேடு. படையை உருவாக்கினாரா என்ற கேள்வியில் இவருக்கே முழு மதிப்பெண். ஆனால் எல்லாம் பத்து மாதத்துக்குள் முடிந்துபோனது. திறந்தவெளியில் பெரிய படையை நடத்தவோ, நீண்ட நாள் சீமையைக் கட்டிக் காக்கவோ அவருக்கு வாய்ப்பே வரவில்லை. வாய்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று சொல்லிக்கொண்டு போவது கணக்கில் சேராது.

யாரை எடுப்பது

என் வரிசை இது: கான்சாகிப், ரொம்ப நெருக்கமாகப் புலித்தேவர், அப்புறம் ஊமைத்துரை. கான்சாகிப்பை முதலில் வைப்பது பலருக்குப் பிடிக்காது. கும்பினிக்காகப் பாளையக்காரர்களை அடித்தவர்தானே என்பார்கள். உண்மை. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் என் பதில் வேறாக இருக்கும். யார் படையை நன்றாக நடத்தினார் என்று கேட்டால், நான்கில் மூன்று கேள்விகளுக்கு அவரிடம் சுத்தமான பதில் இருக்கிறது. இங்கிலீஷ்காரர்களிடம் வேலை பார்த்த இந்திய வீரர்களில் இவரைப் போலத் துணிச்சலும் திறமையும் உள்ளவர் யாருமில்லை என்று ஆங்கிலேய அதிகாரி ஜான் மால்கம் பின்னாளில் எழுதியதும் சும்மா இல்லை.

மீதம் இருப்பது கூட்டாளிக் கேள்வி. அதில்தான் அவர் விழுந்தார். 1763-இல் நவாபையும் கும்பினியையும் எதிர்த்து மதுரையில் நின்றார். முதல் முற்றுகை மழையோடு கலைந்தது. 1764 ஜூனில் வந்த பெரிய தாக்குதலையும் முறியடித்தார். அதன் பிறகு கும்பினியின் மேஜர் சார்லஸ் கேம்பல் சண்டையை விட்டுவிட்டுக் கோட்டையைச் சுற்றி அடைத்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே சோறு தீர்ந்தது. வெளியில் சுற்றிவந்து கும்பினியின் வண்டிகளை மறிக்க ஒரு கான்சாகிப் இல்லை. அதைச் செய்யக்கூடிய ஒரே ஆளான புலித்தேவரை அவரே சீமையை விட்டு விரட்டியிருந்தார். அக்டோபர் 13-ஆம் தேதி அவருடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரர் மார்சானும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 15-ஆம் தேதி தூக்கு. சம்மட்டிபுரத்தில் அடக்கம்.

பத்து நிமிடப் பேச்சுக்கு இதுவே போதும். திருச்சிராப்பள்ளி வண்டிகள் இரண்டு நிமிடம், லாலி இரண்டு, வாசுதேவநல்லூர் மூன்று, மதுரை மூன்று. லாலியையும் மதுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சுக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும். குரல் ஏற்ற இறக்கமும் நடிப்பும் உள்ள பிள்ளை என்றால் தயங்காமல் ஊமைத்துரையை எடுக்கட்டும். மேடையில் வைக்கோல் துண்டுகளைத் துடைத்துக் காட்டினாலே நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இவர்களை உலகப் பெயர்களோடு சேர்ப்பதா என்று யாராவது கேட்டால், ஆள் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம், நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும் என்று சொல்லலாம்.

போட்டிக்கு முன்னால் இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் தென்காசி–ராஜபாளையம் ரோட்டில் புளியங்குடி தாண்டி வாசுதேவநல்லூர். அங்கிருந்து நெற்கட்டும்செவல் போய் நினைவு மாளிகையையும் பார்த்துவிடலாம். பாஞ்சாலங்குறிச்சி வேறு திசை, ஒட்டப்பிடாரம் பக்கம். இப்போது அங்கே நிற்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. ஊமைத்துரையின் மண்சுவரைத் தேடிப் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மேற்கையும் கிழக்கையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், பாதி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும்.